தவறிக் கொடுத்த பணமும் சர்க்கார் வசூலும்

சர்க்கார் தன் கையாலேயே தவறுதலாகக் கொடுத்துவிட்ட பணத்தைத் திரும்ப வாங்குவது எப்படி என்னும் விஷயம், மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர்க்குக் கணக்குப்பிள்ளைகளின் காரியமாகத் தோன்றும். 2020-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கடலூர் ஜில்லாவில் நடந்தவற்றைக் கவனித்தவர்கள் அப்படி எண்ணமாட்டார்கள். நெல்லிக்குப்பத்தைச் சுற்றிலும் கரும்பு வயல்களில் கூலிக்குப் பாடுபட்டு ஜீவிக்கும் குடும்பங்களுக்கு ரூ.2,000 என்பது பல நாளைய கஞ்சி. அது வந்த வழியும் அவர்களுக்குத் தெளிவாகத் தெரியாது. போன வழியும் தெளிவாகத் தெரியாது.

நடந்தது இதுதான். 2019 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தின்படி, நிலமுடைய விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு ரூ.6,000, மூன்று தவணைகளாகப் பாங்கிக் கணக்கில் நேரே செலுத்தப்படுகிறது. பயன்பெறுவோர் கம்ப்யூட்டர் மூலமாகத் தாமே பதிவு செய்துகொள்ளலாமென்று பின்னர் வழி திறந்துவிடப்பட்டது. அப்பதிவுகளை அங்கீகரிக்கும் அதிகாரம் விவசாய இலாகா உத்தியோகஸ்தர்களிடம் இருந்தது. அவ்வதிகாரத்தின் திறவுகோலான கடவுச்சொல்லோ தரகர்கள் கைக்குப் போய்விட்டது. ஊரடங்குக் காலத்தில் அலுவலகங்கள் பாதி அடைபட்டுக் கிடக்கையில், கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி முதலிய ஜில்லாக்களில் ஆயிரக்கணக்கான பெயர்கள் புதிதாக ஏறின. கொரோனா நிவாரணம் வருகிறதென்று சொல்லி ஆதார் அட்டையையும் பாங்கிப் புஸ்தகத்தையும் வாங்கிப் போன தரகர்களும் உண்டென்று அக்காலத்திலேயே செய்திகள் வெளிவந்தன. வந்த பணத்தில் தரகனுக்கு ஒரு பங்கு போயிற்று.

2020 செப்டம்பரில் அப்போதைய விவசாய இலாகாக் காரியதரிசி ஸ்ரீ ககன்தீப் சிங் பேடி (சுனாமிக் காலத்தில் நமது ஜில்லாவின் கலெக்டராயிருந்தவர்) கணக்கை வெளியிட்டார். தமிழ்நாட்டில் சுமார் 5½ இலட்சம் பேர் தகுதியின்றிச் சேர்க்கப்பட்டனர். அவர்கள் கணக்கிற் போனது சுமார் ரூ.110 கோடி, அதுவரை திரும்ப வாங்கப்பட்டது ரூ.32 கோடி. ஒப்பந்த ஊழியர் 80 பேர் விலக்கப்பட்டனர், 18 பேர் கைதாயினர், வழக்கு சி.பி.சி.ஐ.டி. போலீசாரிடம் சென்றது. மறு ஆண்டு ஜூலையில் பார்லிமெண்டில் சொல்லப்பட்ட கணக்கோ இதனினும் பெரிது. தேசமுழுவதும் 42 இலட்சம் பேர், ரூ.2,992 கோடி. வருமான வரி செலுத்தும் செல்வர்களும் அந்த 42 இலட்சத்தில் அடக்கமென்பதை வாசகர்கள் மறக்கலாகாது.

மோசடி நடந்தது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. பொதுப் பணத்தைத் தின்றவர்கள் கக்கத்தான் வேண்டும். ஆனால் வசூல் எந்தத் திசையில் மிக விரைவாக நடந்தது என்று பாருங்கள். கடவுச்சொல்லை விற்றவன் மீது வழக்கு. வழக்கென்றால் சாக்ஷி, வாய்தா, ஜாமீன், அப்பீல். பணம் வந்து விழுந்த கணக்குக்காரன் மீது வழக்கே இல்லை; கணக்கு முடக்கப்பட்டது, இருப்பிலிருந்து பணம் எடுக்கப்பட்டது, காரியம் முடிந்தது. குற்றவாளிக்குச் சட்டம் அளிக்கும் காவல், ஏமாந்தவனுக்குக் கிடைக்கவில்லை. தரகன் பிடித்துக்கொண்ட பங்கையும் சேர்த்து முழுத் தவணையையும் அவனே கட்ட நேர்ந்ததானால், இழந்தவன் யார்?

இவ்விடத்தில் இன்னொன்றும் சொல்லவேண்டும். ‘தகுதியற்றவர்’ என்று பட்டியலில் ஏறியவர்களில் எத்தனையோ பேர் மண்ணைத் தொடாதவர்கள் அல்லர். மண் தம் பெயரில் இல்லாதவர்கள். பட்டா இருந்தால் விவசாயி. குத்தகைக்கு உழுபவனும் கூலிக்குக் கரும்பு வெட்டுபவனும் விவசாயி அல்லர். இது இத்திட்டத்தின் விதி. விதி நல்லதோ கெட்டதோ, விதி விதிதான். ஆயினும் ‘நீ விவசாயிதானே?’ என்று தரகன் கேட்டபோது ‘ஆம்’ என்று தலையசைத்த கூலியாளைப் பொய்யன் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு, தவறுதலாகப் பணம் பெற்றவன் அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்கிறது. பொது விதி அதுவே. 2012-இல் சண்டி பிரசாத் உனியால் வழக்கில், அதிகப்படியாகக் கொடுபட்டது வரி செலுத்துவோர் பணம், கொடுத்தவனுக்கும் சொந்தமன்று, வாங்கியவனுக்கும் சொந்தமன்று என்னும் நியாயத்தைச் சுப்ரீம் கோர்ட்டார் ஒப்புக்கொண்டனர். ஆனால் இரண்டே ஆண்டில், 2014 டிசம்பர் 18-ந் தேதி, ரபீக் மசீஹ் வழக்கில் அதே கோர்ட்டு இதற்கு எல்லை கட்டிற்று. கீழ்த்தர உத்தியோகஸ்தர்களிடமும், ஓய்வு பெற்றவர்களிடமும், ஓராண்டில் ஓய்வு பெறப்போகிறவர்களிடமும், ஐந்தாண்டுக்கு மேல் தவறு நீடித்திருந்தால் எவரிடமும், சர்க்கார் தன் பிழையால் அதிகமாய்க் கொடுத்த சம்பளத்தைத் திரும்பப் பிடிக்கலாகாது. வசூலிப்பதன் கொடுமை, வசூலிக்கும் உரிமையைவிட அதிகமாகுமிடத்தும் பிடிக்கலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். 2022-இல் கேரளத்து உபாத்தியாயர் தாமஸ் டானியேல் வழக்கிலும் இதுவே நிலைநிறுத்தப்பட்டது. பெற்றவன் வஞ்சகம் செய்தானா, இல்லையா என்பதே உரைகல்.

இவ்வளவு நல்ல நியாயம் யாருக்குக் கிடைத்தது? மாதச் சம்பளம் வாங்கும் சர்க்கார் ஊழியனுக்கு. வேலையே இல்லாதவனுக்கு இதற்கிணையான ஏற்பாடு என்ன? 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம், உரிமையின்றிப் பெற்ற உதவியைத் திருப்பிக் கட்டவேண்டும், செத்துப்போனால் அவன் விட்ட சொத்திலிருந்து வாரிசு கட்டவேண்டும், நிலவரிப் பாக்கியைப்போல் வசூலிக்கலாம் என்று 70-ஆம் பிரிவில் விதித்தது. பிழை தொழிலாளியுடையதா, ஆபீசுடையதா என்று அப்பிரிவு கேட்கவில்லை. வேலையிழந்த தொழிலாளர்க்கு உதவித்தொகை தரும் திட்டங்கள் 2005-லும் 2018-லும் இந்த இன்ஷ்யூரன்சின் கீழ்தான் பிறந்தன. (கரும்பாலை முதலிய பருவகாலத் தொழிற்சாலைகளை அச்சட்டம் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டது என்பது நெல்லிக்குப்பத்தார் கவனிக்கத்தக்கது.) நமது மாநிலத்தின் வேலையற்ற இளைஞர் உதவித்தொகையோ, வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்து ஐந்தாண்டு காத்துக்கிடந்த பட்டதாரிக்கு மாதம் ரூ.600 வீதம் மூன்றாண்டு தருவது. முழுதும் பெற்றால் ரூ.21,600. இடையே இரண்டு மாதம் பண்ருட்டியில் ஒரு பலாப்பழ மண்டியில் கணக்கெழுதியவன், உறுதிமொழிப் பத்திரத்தில் அதைக் குறிக்க மறந்தால் அவன் நிலை என்ன? ரூ.600-க்காக அவன் வக்கீல் வைப்பானா?

இது நமது நாட்டுக்கே உரிய நோய் அன்று. ஆஸ்திரேலிய சர்க்கார் 2016 முதல், வேலையற்றோர் முதலானோர் அதிகமாக உதவித்தொகை வாங்கிவிட்டார்களென்று கம்ப்யூட்டர் மூலம் இலட்சக்கணக்கில் கடன் நோட்டீசுகள் அனுப்பிற்று. கணக்குப் போட்ட விதந்தான் விசித்திரம். ஒருவனது ஆண்டு வருமானத்தை எடுத்து, 26 பங்காக வகுத்து, இரண்டு வாரத்துக்கு இவ்வளவு சம்பாதித்தான், ஆகையால் உதவி வாங்கியது தவறு என்று தீர்மானித்தார்கள். நம்மூர் வெட்டாளை நினைத்துப் பாருங்கள். அரவைக் காலத்தில் நாள் தவறாமல் வேலை. ஆலைச் சங்கு ஓய்ந்தால் கை வெறுமை. அரவை மாதங்களின் கூலியைப் பன்னிரண்டு மாதத்துக்கும் பரப்பினால், பட்டினி கிடந்த மாதத்திலும் அவன் சம்பாதித்தவனாகிவிடுவான்! போதாதற்கு, இல்லையென்று ருசுப்படுத்தும் பாரமும் அவன் தலையிலேயே சுமத்தப்பட்டது. ஏழெட்டு வருஷத்துக்கு முந்திய சம்பளச் சீட்டை எந்தக் கூலியாள் வைத்திருப்பான்? 2019-இல் இம்முறை சட்டவிரோதமென்று சர்க்காரே கோர்ட்டில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. சுமார் 4,33,000 பேர் மீது ஏறக்குறைய 176 கோடி டாலர் அநியாயமாகக் கடன் சாட்டப்பட்டதைப் பெடரல் கோர்ட்டு பின்னர் எடுத்துக்காட்டிற்று. 2023 ஜூலையில் விசாரணைக் கமிஷன் அறிக்கை வந்தது. கடன் நோட்டீசுக்குப் பின் தற்கொலை செய்துகொண்ட பிள்ளைகளின் தாய்மார் அக்கமிஷன் முன் வந்து சாக்ஷியம் சொன்னார்கள்.

‘ஒவ்வொரு ஏழையையும் விசாரித்துக்கொண்டிருந்தால் பணம் வசூலாகுமா?’ என்று உத்தியோகஸ்தர்கள் கேட்கலாம். விசாரியாமலே கொடுத்தவர்கள் அல்லவா இதைக் கேட்பது! கணக்கில் கைவைக்கு முன் தமிழில் ஒரு நோட்டீசு. எந்தத் தவணை, எவ்வளவு, ஏன் தகுதியில்லை என்னும் விவரம். பதில் சொல்ல முப்பது நாள். வஞ்சகம் செய்தவன் என்று ருசுவானால் முழுத் தொகையும். ஏமாந்தவனாயின் அவன் கைக்கு உண்மையில் வந்த அளவு மட்டும், அதுவும் சிறு தவணைகளில். ஆபீசின் சொந்தப் பிழையாயின் ரபீக் மசீஹ் தீர்ப்பின் நியாயம் கூலிக்காரனுக்கும். இவ்வளவே நாம் கேட்பது. இதற்குப் புதுச் சட்டம் வேண்டுவதில்லை. ஒரு சர்க்கார் உத்தரவு போதும்.

பொதுஜன ஊழியம் செய்யும் அன்பர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. இத்தகைய நோட்டீசு எந்தக் குடிசைக்கு வந்தாலும், பணத்தைக் கட்டு முன் கணக்கின் விவரத்தை எழுத்தில் கேட்டுப் பெறும்படி அவர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும். மனு எழுதத் தெரியாதவர்க்கு எழுதித் தரவேண்டும். கடலூர் ஜில்லாவில் 2020-க்குப் பின் வசூலான தொகையில் கணக்குக்காரர்களிடம் வாங்கியது எவ்வளவு, தரகர்களிடமும் உத்தியோகஸ்தர்களிடமும் வாங்கியது எவ்வளவு என்பதைக் கிராமவாரியாகத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி கலெக்டர் ஆபீசில் கேட்கவும் அவர்களுக்கு உரிமையுண்டு. மனுவுக்குக் கட்டணம் பத்தே ரூபாய்.