பார்த்தவர்கள் எத்தனை பேர்... கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர்?

கொடைக்கானல் என்றதும் ஏரியும் பனியும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். 2015 ஜூலை இறுதியில் அந்த ஊரை இணையத்தில் பேசவைத்தது ஒரு ராப் பாட்டு. சோஃபியா அஷ்ரஃப் பாடிய 'கொடைக்கானல் வோன்ட்'. 2001-ல் மூடப்பட்ட பாதரச தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் முன்னாள் தொழிலாளர்களுக்கு நியாயம் வேண்டும், மாசுபட்ட மண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஹிந்துஸ்தான் யூனிலீவரிடம் கேட்டது அந்தப் பாட்டு. நிக்கி மினாஜே ட்விட்டரில் பகிர, லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். கூடவே, ஜட்கா அமைப்பின் ஆன்லைன் மனுவும் கையெழுத்துகளைச் சேர்த்தது.

பாட்டைப் பார்த்தவர் வேறு, மனுவில் கையெழுத்துப் போட்டவர் வேறு. முதலாமவர் இரண்டாமவராக மாறுவதுதான் 'கன்வெர்ஷன்'. அதைக் கணக்கெடுப்பது கன்வெர்ஷன் டிராக்கிங். கடைக்காரர்களுக்கு மட்டுமல்ல, உங்கள் ஊர் ஓடையைக் காக்க மனுப் பக்கம் தொடங்குபவர்களுக்கும் இது தேவை.

எப்படிச் செய்வது?

முதலில், எதை எண்ணப்போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். மனு என்றால், கையெழுத்து. படிவத்தை அனுப்பியதும் 'நன்றி' என்று தனிப் பக்கம் திறக்கும்படி வையுங்கள். அந்தப் பக்கம் திறந்தால் ஒரு ஈவென்ட் பதிவாகும்படி கூகுள் அனலிட்டிக்ஸில் உருவாக்கி, அதை 'கீ ஈவென்ட்' என்று குறியுங்கள். முன்பு கன்வெர்ஷன் என்று இருந்ததற்கு 2024 முதல் அங்கே இதுதான் பெயர்.

அடுத்து, வாட்ஸ்அப்புக்கு ஒரு லிங்க், ஃபேஸ்புக்குக்கு ஒன்று, டீக்கடையில் ஒட்டும் நோட்டீஸின் க்யூஆர் கோடுக்கு ஒன்று எனத் தனித்தனியாக யூடிஎம் குறியீடு சேர்த்துப் பகிருங்கள். உதாரணத்துக்கு, வாட்ஸ்அப் வழியே 1,000 பேர் வந்து 40 பேர் கையெழுத்திட்டால் 4 சதவிகிதம். நோட்டீஸ் வழியே 200 பேர் வந்து 60 பேர் போட்டால் 30 சதவிகிதம். அடுத்த வாரம் எங்கே அலைய வேண்டும் என்று இப்போது தெரிகிறதல்லவா?

வெளியிடும் முன் உங்கள் போனிலேயே ஒரு கையெழுத்துப் போட்டு, 'ரியல்டைம்' பகுதியில் பதிவாகிறதா என்று பாருங்கள். நன்றிப் பக்கத்தை ஒருவர் ரெஃப்ரெஷ் செய்தால் இரண்டாக எண்ணிவிடும். அதனால் எண்ணும் முறையில் 'ஒரு செஷனுக்கு ஒருமுறை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்கள் கணக்கில் வராமலும் போகலாம். எனவே, இறுதிக் கணக்கு உங்கள் கையெழுத்துப் பட்டியல்தான்.

ரொம்ப முக்கியம்: நன்றிப் பக்கத்தின் முகவரியில் பெயர், போன் நம்பர், இமெயில் எதுவும் வரக்கூடாது. அவை அனலிட்டிக்ஸுக்குப் போவதை கூகுளின் விதியே தடுக்கிறது. பெரிய நிறுவனத்தை எதிர்த்து ஒருவர் கையெழுத்துப் போடுகிறார் என்றால், உங்களை நம்பித்தான் போடுகிறார். அந்த நம்பிக்கை கசியக்கூடாது.

கொடைக்கானலுக்கு வருவோம். 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்களுடன் சமரசம் எட்டியதாக நிறுவனம் அறிவித்தது. பாதரசத்தால் தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டார்கள் என்பதை அது ஏற்கவில்லை. கருணைத் தொகையாகவே கொடுத்தது. ஆலை மூடி 15 வருடங்கள் ஆகியிருந்தன. அத்தனை வருடமும் போராட்டமும் கோர்ட் வழக்கும் நடந்தன. மண்ணைச் சுத்தம் செய்யும் பேச்சோ அதற்குப் பிறகும் தொடர்ந்தது. 2018-ல் டி.எம்.கிருஷ்ணாவும் சேர்ந்து பாடிய இன்னொரு பாட்டு வந்தது.

591. எந்த டேஷ்போர்டிலும் தானாக ஏறாத எண் இது. அதனால் உங்கள் மனுப் பக்கத்தில் கையெழுத்து எண்ணிக்கைக்குக் கீழே இன்னொரு வரிக்கும் இடம் விடுங்கள்: 'மனு எந்த அதிகாரியிடம், எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது, என்ன பதில் வந்தது?' கையெழுத்துப் போட்டவர்கள் திரும்பிவந்து தேடப்போவது அதைத்தான்!