ஜாக்கி ஷேன் காணாமல் போகவில்லை

கனடாவின் டொராண்டோ நகரில் 1990களில் ஒரு வதந்தி உலவியது. அறுபதுகளில் அந்நகரத்து இரவு விடுதிகளின் அரசியாக இருந்த கறுப்பினப் பாடகர் ஜாக்கி ஷேன் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டுவிட்டார் என்றார்கள். அது நடக்கவே இல்லை. ஆனாலும் நம்பினார்கள். ஒரு கறுப்பினத் திருநங்கையின் முடிவு வேறெப்படி இருக்கும் என்று முன்பே முடிவுசெய்து வைத்திருந்த பொதுப்புத்திக்கு ஆதாரம் எதுவும் தேவைப்படவில்லை. ஷேனோ லாஸ் ஏஞ்சல்ஸில் தன் தாயைக் கவனித்துக்கொண்டிருந்தார்; தாயின் மறைவுக்குப் பின் பிறந்த ஊரான நாஷ்வில்லுக்குத் திரும்பி, தன் வீட்டில் உயிரோடுதான் இருந்தார்.

2017இல் அவருடைய பாடல்கள் முறையான தொகுப்பாக வெளிவந்தன. அப்போது உலகப் பத்திரிகைகள் கதையை வேறு மாதிரிச் சொல்லத் தொடங்கின: காணாமல் போன மேதை கண்டெடுக்கப்பட்டார் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வதந்திக்கும் இந்தப் பாராட்டுக்கும் அடிப்படை ஒன்றே. நம் கண்ணில் படாதவர் தொலைந்தவர், நாம் பார்த்தால்தான் அவர் இருக்கிறார் என்கிற எண்ணம் அது. ஷேன் தொலையவில்லை. தனக்குச் சரிப்படாத நிபந்தனைகளை ஒவ்வொன்றாக மறுத்தார். கடைசியில் மேடையையும் மறுத்தார். அவர் பாடியதைப் போலவே அவர் மறுத்ததையும் அவருடைய கலை வாழ்க்கையின் பகுதியாகப் படிக்க வேண்டும்.

ஷேன் 1940இல் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லில் பிறந்தார். பள்ளி, பேருந்து, உணவகம், கழிப்பறை எல்லாவற்றிலும் நிறத்தால் கோடு போட்டிருந்த காலம். பதின்மூன்று வயதிலேயே தன்னை ஆண் உடலில் இருக்கும் பெண்ணாக உணர்ந்ததாகப் பின்னாளில் சொன்னார். டிரம்ஸ் வாசித்தார், பாடினார், ஒப்பனையோடு வெளியே போனார். வெள்ளையர்கள் ஒரு கறுப்பின மனிதரைத் தாக்கியதைக் கண்டபின் இனி தெற்கில் வாழ முடியாது என்று முடிவெடுத்து, 1950களின் இறுதியில் ஊரை விட்டுக் கிளம்பினார். ஊர் ஊராகப் போகும் கேளிக்கைக் குழு ஒன்றோடு சேர்ந்து எல்லை தாண்டிக் கனடாவுக்குள் நுழைந்தார். மான்ட்ரியலில் ஃபிராங்க் மோட்லியின் இசைக்குழுவைச் சந்தித்தார். மோட்லி ஒரே நேரத்தில் இரண்டு டிரம்பெட்டுகளை வாயில் வைத்து ஊதுகிறவர்; அப்பேர்ப்பட்டவரின் குழுவிலும் சில நாட்களில் எல்லோர் கண்ணும் ஷேன் மீதே இருந்தது. 1960களின் தொடக்கத்தில் குழு டொராண்டோவுக்கு வந்தது. யங் தெருவின் விடுதிகளிலும் சஃபையர் மதுக்கூடத்திலும் ஷேனைக் கேட்க வந்தவர்களில் பெரும்பாலானோர் வெள்ளையர்கள்.

1962இல் அவர் பதிவுசெய்த 'எனி அதர் வே' பாடல், 1963இல் டொராண்டோவின் சம் வானொலியின் தரவரிசையில் 2ஆம் இடத்தைத் தொட்டது. பாடல் அவருடையது அல்ல. ஸ்டாக்ஸ் நிறுவனத்துக்காக வில்லியம் பெல் பாடியது. பிரிந்துபோன காதலியின் தோழியைச் சந்திக்கும் ஒருவன், தான் சந்தோஷமாகவே இருப்பதாக அவளிடம் சொல்லச் சொல்கிறான், அவ்வளவுதான் கதை. அதில் 'கே' என்ற சொல் வருகிறது. பெல் பாடும்போது அதற்கு மகிழ்ச்சி என்று மட்டுமே பொருள், அதிலும் வீம்புக்குச் சொல்கிற மகிழ்ச்சி. ஷேன் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், அந்தச் சொல்லுக்கு முன் சற்றே தயங்கி, பின் அழுத்திப் பாடும்போது அதே சொல் ஒரு அறிவிப்பாகிறது. கனடாவில் தற்பால் உறவு குற்றமாக இருந்த காலம் அது. சட்டம் மாறியது 1969இல்தான். வானொலிக்காரர்களால் பாட்டைத் தடைசெய்யவும் முடியவில்லை. எந்தச் சொல்லைத் தடைசெய்வது? புரிந்துகொள்ள வேண்டியவர்கள் புரிந்துகொண்டார்கள். அந்த வாரங்களில் கடைவாசலில் நின்று அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் வீட்டுக்குப் போன பையன்களையும் பெண்களையும் நான் அடிக்கடி கற்பனை செய்துகொள்கிறேன்.

இந்த இடத்திலிருந்து வழக்கமான நட்சத்திரக் கதை மேலேதான் போகவேண்டும். எட் சலிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிதான் அன்றைய அமெரிக்காவில் பாடகர்கள் கனவுகாணும் மேடை. அங்கிருந்து அழைப்பு வந்தது என்றும், ஆணாகத் தோன்ற வேண்டும், ஒப்பனை கூடாது என்ற நிபந்தனையால் மறுத்துவிட்டதாகவும் ஷேன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 'அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்' நிகழ்ச்சியையும் மறுத்தார். அங்கே நடனமாட வந்த இளைஞர்களிடையே நிறப் பாகுபாடு காட்டினார்கள் என்பது காரணம். பெரிய இசை நிறுவனங்கள் கூப்பிட்டும் போகவில்லை. சிறு நிறுவனங்களில் சில இசைத்தட்டுகள், சஃபையரில் 1967இல் பதிவான ஒரு நேரடி நிகழ்ச்சித் தட்டு, அவ்வளவே அவர் பெயரில் வந்தவை. அந்த நேரடித் தட்டில் பாட்டுக்கு நடுவே நிறுத்திவிட்டு நிமிடக்கணக்கில் பேசுகிறார்: பணம், படுக்கை, ஊரார் வம்பு, அவரவர் வாழ்க்கை அவரவர் கையில். பாட்டைவிட அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கும். கூட்டம் சிரிக்கிறது. கேலிக்குரிய ஒருவரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பில்லை அது. அவர் சிரிக்கவிட்டபோது சிரிக்கிறார்கள், முறைத்தால் அடங்குகிறார்கள்.

1965இல் நாஷ்வில் தொலைக்காட்சியில் 'நைட் டிரெய்ன்' என்ற கறுப்பினத்தவர் இசை நிகழ்ச்சியில் அவர் பாடிய சில நிமிடங்கள் மட்டும் படமாக எஞ்சியிருக்கின்றன. வெள்ளையர் நடத்திய நாடுதழுவிய மேடை கேட்ட உருமாற்றத்தை, சொந்த ஊரில் கறுப்பினத்தவர் நடத்திய ஒரு மேடை கேட்கவில்லை. கண்மையோடும் மினுங்கும் உடையோடும் அப்படியே பாடுகிறார். கறுப்பினச் சமூகம் முழுக்கத் திருநர்களை அரவணைத்தது என்று இதை வைத்து எழுதிவிட முடியாது. ஆனால் ஒடுக்கப்பட்டோர்தான் பால்புதுமையினரை அதிகம் வெறுப்பவர்கள் என்று நமக்குப் பாடம் நடத்துகிறவர்களுக்கு இந்தச் சில நிமிடங்களைப் போட்டுக் காட்டலாம்.

தமிழில் இவரைப் பற்றி எழுதுவதில் எனக்கு ஒரு வசதி இருக்கிறது. அக்கால ஆங்கிலப் பத்திரிகைகள் அவரைப் பெண் வேடமிடும் ஆண் என்றே எழுதின, ஆண்பால் சுட்டையே பயன்படுத்தின. நான் 'அவர்' என்று எழுதிவிட்டுப் போகிறேன். பால் காட்டாத, மரியாதை காட்டும் சொல். ஆனால் இந்த 'அவர்' யாருக்கும் சும்மா கிடைத்த சொல் இல்லை என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். பேரன் வயதுப் பண்ணையார் வீட்டுப் பிள்ளை 'ஏலே' என்று கூப்பிட, கைகட்டி 'சாமி' என்று பதில் சொன்னவர்கள் நம் தாத்தாக்கள். அமெரிக்கத் தெற்கிலும் இதே கணக்குதான். எழுபது வயதுக் கறுப்பின மனிதர் வெள்ளையருக்குப் 'பையன்'. 1963இல் அலபாமா நீதிமன்றத்தில் மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினச் செயற்பாட்டாளர், தன்னை வெறும் மேரி என்று அழைத்த வழக்கறிஞரின் கேள்விக்கு, 'மிஸ் ஹாமில்டன்' என்று கூப்பிட்டால்தான் பதில் என்று மறுத்தார். நீதிமன்ற அவமதிப்பு என்று தண்டித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1964இல் அவர் பக்கம் தீர்ப்பானது. 'எனி அதர் வே' டொராண்டோ வானொலியில் ஓடிய அதே 1963. ஒருவர் நீதிமன்றத்தில் கேட்ட மரியாதையை மற்றவர் மேடையில் கேட்டார். அம்பேத்கர் 1946இல் டு பாய்ஸுக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக்காட்டிச் சாதியையும் நிறவெறியையும் ஒப்பிடுவது நம் கட்டுரைகளில் வழக்கம். எனக்கு அதைவிட, எப்படி அழைப்பது என்ற இந்தச் சின்னச் சண்டையே இரண்டையும் நெருக்கமாகக் காட்டுகிறது.

1971இல் ஷேன் மேடையை விட்டார். தாயைப் பார்த்துக்கொள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். தோல்வி, போதை, சீரழிவு என்று எதுவும் இல்லை. மகள் தாயைப் பார்த்துக்கொள்ளப் போனார், அவ்வளவு எளிய காரணம். அதை யாரும் நம்பாததால்தான் மர்மம் தேவைப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவருடைய பாடல்கள் அவர் அனுமதி இல்லாமல் மறுபதிப்பாகிக்கொண்டிருந்தன. சேகரிப்பாளர்கள் பழைய இசைத்தட்டுகளை விலைபேசினார்கள். குரல் சந்தையில் இருந்தது, குரலுக்குரியவருக்கு அதில் பங்கில்லை. 2010இல் கனடா அரசு வானொலி அவரைப் பற்றி ஒரு ஆவண நிகழ்ச்சி ஒலிபரப்பியது. பிறகு சிகாகோவின் நியூமெரோ குரூப் நிறுவனம் அவரைத் தொடர்புகொண்டு, பேசிப் பேசி, 2017இல் இரண்டு தட்டுகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டது. கலைஞரின் ஒப்புதலோடு வந்த முதல் தொகுப்பு அதுதான். பேட்டி கேட்டவர்களிடம் ஷேன் பெரும்பாலும் தொலைபேசியில் மட்டும் பேசினார். கதவைத் திறக்கவில்லை.

ஆய்வு மாணவனாகச் சொல்கிறேன், இது எனக்கு உறுத்துகிறது. விளிம்புநிலை மக்களின் வரலாற்றை மீட்கிறோம் என்று சொல்லிக்கொண்டு நாங்கள் கதவைத் தட்டுகிறோம். திறக்காவிட்டால் 'தரவு கிடைக்கவில்லை' என்று எழுதுகிறோம். திறக்காமலிருப்பது ஒருவரின் உரிமை என்று எழுத எங்கள் முறையியல் பாடத்தில் இடம் இல்லை.

அந்தத் தொகுப்பு கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. செய்தி எல்லா இடத்திலும் 'ஷேனுக்குக் கிராமி பரிந்துரை' என்றே வந்தது. உண்மையில் சிறந்த வரலாற்றுத் தொகுப்பு என்ற அந்தப் பிரிவில் விருது தொகுத்தவர்களுக்கும் ஒலியைச் செப்பனிட்டவருக்கும்தான், பாடியவருக்கு அல்ல. வென்றிருந்தாலும் கோப்பை அவருடையதாகியிருக்காது. தொகுத்தவர்கள் நல்ல வேலை செய்திருக்கிறார்கள், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் பாடியவர் வரலாறு, தொகுத்தவர் கலைஞர் என்கிற இந்த ஏற்பாட்டை நாட்டார் பாடல்களைச் சேகரித்து அட்டையில் தன் பெயரைப் போட்டுக்கொண்ட பேராசிரியர்களின் நாட்டில் இருந்துகொண்டு கவனிக்காமல் போக முடியவில்லை.

நம் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பறை முழங்க மாநாடு தொடங்குகிறது. பேச்சாளர்களின் பெயர் அழைப்பிதழில் படத்தோடு இருக்கும், அடித்தவர்கள் 'கலைக்குழுவினர்'. திருநங்கைத் தோழர்களை ஆட அழைக்கிறோம், உரையாற்ற அழைக்கும்போது நேரம் போதவில்லை. பேச்சாளருக்கு ரயில் டிக்கெட், கலைஞருக்கு 'தோழர், இயக்க நிகழ்ச்சிதானே'. ஷேன் போன்ற ஒருவர் நம் மேடைக்கு வந்திருந்தால் முதலில் சம்பளத்தைக் கேட்டிருப்பார். நாம் அவரைக் காசுக்கு ஆசைப்படுகிறவர் என்று முணுமுணுத்திருப்போம்.

கிராமி விழா 2019 பிப்ரவரி 10 அன்று நடந்தது. விருது வேறொரு தொகுப்புக்குப் போனது. அதே மாதம் 78 வயதில் ஷேன் நாஷ்வில்லில் தன் வீட்டில், தூக்கத்தில் இறந்தார். யாரும் குத்தவில்லை. உறவினர் சிலருக்கு இப்படி ஒருவர் தங்கள் குடும்பத்தில் இருந்ததே அவர் இறந்த பிறகுதான் தெரிந்தது. 2024இல் வெளியான ஆவணப்படத்தில் அவர்கள் அவருடைய உடைமைகளைப் பிரித்துப் பார்க்கிறார்கள். டொராண்டோவில் யங் தெருவில் பல மாடிக் கட்டடம் ஒன்றின் சுவரில் மற்ற இசைக்கலைஞர்களோடு அவர் உருவமும் வரையப்பட்டிருக்கிறது.

பிறந்த மாநிலம் வேறு வகையில் நினைவுகூர்ந்தது. 2023 மார்ச்சில் டென்னசி ஆளுநர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். பொது இடங்களிலும் சிறுவர்கள் பார்க்கக்கூடிய இடங்களிலும் வயதுவந்தோருக்கான கேளிக்கையைத் தடைசெய்வதாகச் சொல்லும் அச்சட்டம், தடைசெய்யப்படுவோர் பட்டியலில் ஆண் அல்லது பெண் வேடமிடுவோரையும் சேர்த்தது. அறுபதுகளின் பத்திரிகைகள் ஷேனைக் குறிக்கப் பயன்படுத்திய அதே சொல். கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அந்த ஜூனில் சட்டம் செல்லாது என்றார். 2024 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம், வழக்குப் போட்ட நாடகக் குழுவுக்கு அதற்கான தகுதி இல்லை என்று கூறி அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது.