சென்சார் இருக்கட்டும், முதல்ல சுவரைப் பாருங்க!

திருமுல்லைவாயில்ல ஏறி சென்ட்ரல் போற லோக்கல்ல ஃபைனல் இயர் புராஜெக்ட் பத்திப் பேசாத ஆள் யாராவது இருக்கீங்களா? நாங்களும் பேசினோம். காசிமேட்டுப் படகோட ஐஸ் பெட்டிக்குள்ள ஒரு சென்சார், மொபைலுக்கு அலர்ட். ரிவியூல கைதட்டல் கிடைச்சுது. பழைய படகு ஒண்ணுல வெச்சுப் பார்த்தோம். ஐஸ் உருகுதுன்னு அலர்ட் வந்துக்கிட்டே இருந்துது. படகுக்கார அண்ணன் சிரிச்சார்: "அது எனக்கே தெரியும் தம்பி. உருகாம இருக்க வழி சொல்லு."

வழி பழசுதான். 1833-ல் ஃபிரெடரிக் டியூடரின் பாய்மரக் கப்பல் பாஸ்டனிலிருந்து சுமார் 180 டன் ஐஸோடு கிளம்பியது. நாலு மாசம் கழித்து கல்கத்தா வந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. கரண்ட் கிடையாது, கம்ப்ரஸர் கிடையாது. ஐஸைச் சுற்றி நல்ல அடைப்பு, அவ்வளவுதான். மெரினா ஐஸ் ஹவுஸ், அதாவது இன்றைய விவேகானந்தர் இல்லம், அந்த வியாபாரத்துக்காகக் கட்டப்பட்டதுதான்.

இப்போ நம்ம கணக்கு. 1 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரமுள்ள பெட்டி. பரப்பு கிட்டத்தட்ட 3 சதுர மீட்டர். வெளியே 32 டிகிரி, உள்ளே 0. ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேணும். சுவர்ல 25 மி.மீ. தெர்மாகோல் இருந்தா ஒரு நாளைக்குச் சுமார் 35 கிலோ ஐஸ் போயிடும். 50 மி.மீ. பாலியூரித்தேன் ஃபோம் போட்டா சுமார் 12 கிலோதான். மூடி திறக்கிறதையும் லீக்கையும் இதுல சேர்க்கலை.

"சுவர் தடிச்சா மீனுக்கு இடம் குறையுமே?" நியாயமான கேள்வி. இந்தப் பெட்டியில சுமார் 60 லிட்டர் குறையும். ஆனா தினமும் 20 கிலோவுக்கு மேல ஐஸ் மிச்சம். ரெண்டு நாள் கடல்ல இருந்தாலே, குறைவா ஏத்தின ஐஸோட இடம் அதை ஈடுகட்டிடும். ஒரே நாள்ல திரும்புற படகுக்கு இது ஒத்துவராது. அதையும் சொல்லித்தான் ஆகணும்.

பழைய பெட்டியில இன்னும் மூணு இடம் பாருங்க. ஒண்ணு, ஈரம். தண்ணி குடிச்ச ஃபோம் வெறும் பாரம்தான். ஃபோமைவிடத் தண்ணி சுமார் 20 மடங்கு வெப்பம் கடத்தும். அதனால உள்பக்க ஃபைபர் விரிசலை முதல்ல அடைக்கணும். ரெண்டு, மூடியோட ரப்பர் கேஸ்கெட். மூணு, தண்ணி வடியிற குழாய். அதுல ஒரு யூ வளைவு வெச்சா வெளிக்காத்து உள்ளே ஏறாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில நிக்கும். நமக்கும் செமஸ்டர் முடியிற நேரம். ஒரு தராசு எடுத்துட்டுப் போங்க. 10 கிலோ ஐஸை ராத்திரி வெச்சு, காலையில எடை போடுங்க. பெட்டியை அடைச்ச பிறகு மறுபடி போடுங்க. அந்த ரெண்டு எண்தான் புராஜெக்ட் ரிப்போர்ட்.

ஆப் இல்லைன்னா மார்க் குறையலாம். ஆனா மீன் கெடாம கரைக்கு வந்தா அண்ணனுக்கு விலை கிடைக்கும். எது இன்ஜினியரிங்னு நீங்களே சொல்லுங்க.