இல்லமும் பொறியும்: படக்கோப்பைத் தட்டில் ஏற்றுதல்

வெளியூரில் வாழும் நம் குடும்பங்களில் ஒரு திருமணமோ, காதணி விழாவோ, பிள்ளையின் அரங்கேற்றமோ நடைபெற்றால், ஊரில் இருக்கும் முதியோர் அதைக் கண்டு மகிழ வேண்டும் என்பதே நம் முதல் விருப்பம். கைப்பேசியில் படம் எடுப்பது இன்று சிறுவர்க்கும் கைவந்த கலை. ஆனால் அப்படத்தைக் காண வேண்டிய பாட்டியின் கண்ணுக்குக் கைப்பேசியின் சிறு திரை ஒத்து வருவதில்லை. அவர் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைந்த டி.வி.டி. பிளேயரோ இன்னும் நன்றாக ஓடுகிறது. தட்டை வைத்துப் பொத்தானை அழுத்தவும் அவருக்குத் தெரியும். ஆகவே படத்தைத் தட்டில் ஏற்றி அனுப்பிவிடுவோம் என்று நாம் முனைகிறோம். தொல்லைகள் அங்கேதான் தொடங்குகின்றன.

கணினியில் ஓடிய தட்டு பிளேயரில் ஓடுவதில்லை. ஓடினாலும், பேச்சு முந்தி வர உதடு பிந்தி அசைகிறது. மணமகனின் முகம் பூசணிக்காய்போல் அகன்று தோன்றுகிறது. தாலி கட்டும் வேளை பார்த்துப் படம் உறைந்து நிற்கிறது. இவற்றைக் கண்டு மனம் தளர வேண்டுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. காரணம் விளங்கினால் நீக்கும் வழியும் விளங்கும். அவற்றை இத்திங்கள் முறையாக நோக்குவோம்.

சுருக்கம் என்பது யாது?

ஒளிப்படக் கருவி காண்பவற்றையெல்லாம் அப்படியே சேமித்தால் சில நிமிடங்களுக்குள் கைப்பேசி நிரம்பிவிடும். ஆகவே கருவி ஒரு சிக்கனம் செய்கிறது. அடுத்தடுத்த இரு படங்களுக்கு இடையே மாறாத பகுதியைத் திரும்பவும் எழுதாமல், மாறிய பகுதியை மட்டும் குறித்துக்கொள்கிறது. கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களையும் தள்ளிவிடுகிறது. இவ்வாறு தள்ளப்பட்டவை திரும்பி வருவதில்லை. வெண்டைக்காயை வற்றலாக்கிய பின் எவ்வளவு நேரம் நீரில் ஊற வைத்தாலும் அது பச்சைக் காய் ஆவதில்லை அன்றோ? அதுபோன்றதே இதுவும்.

இச்சிக்கனத்தைச் செய்யும் முறைகள் பல. இன்றைய கைப்பேசிகள் பெரும்பாலும் கையாள்பவை 2003-இல் தரப்படுத்தப்பட்ட எச்.264 முறையும், 2013-இல் வந்த எச்.265 முறையும் ஆகும். டி.வி.டி. பிளேயர்களோ 1996-இல் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தவை. அவற்றின் இலக்கணப்படி படம் எம்பெக்-2 முறையிலோ, அதற்கும் மூத்த எம்பெக்-1 முறையிலோ அமைந்திருத்தல் வேண்டும். தனக்குப் பின் பிறந்த மொழியை ஒரு பிளேயர் அறியாதிருப்பதில் வியப்பில்லை. பல வேளைகளில் பழுது பிளேயரில் இல்லை. நாம் அனுப்பும் முறையில் இருக்கிறது.

இன்னொன்றும் அறிதல் வேண்டும். கோப்பின் பெயருக்குப் பின்னுள்ள எம்.பி.4, ஏ.வி.ஐ. என்பன உறையின் பெயர்களே. உள்ளே உள்ள முறையின் பெயர்கள் அல்ல. அடுக்குச் சட்டி ஒன்றாயினும் உள்ளே புளியோதரையும் இருக்கலாம், தயிர்ச்சோறும் இருக்கலாம். திறந்து பார்த்தாலன்றித் தெரியாது. அவ்வாறு திறந்து காட்டும் இலவச மென்பொருள் ‘மீடியா இன்ஃபோ’ ஆகும். எந்த வேலையைத் தொடங்குமுன்பும் கோப்பை அதில் இட்டுப் பார்ப்பது நலம்.

தட்டு வேண்டுவது என்ன?

நம் நாட்டுத் தொலைக்காட்சி மரபாகிய பால் முறைக்குரிய டி.வி.டி.யில் படம் அகலத்தில் 720 புள்ளிகளும் உயரத்தில் 576 புள்ளிகளும் கொண்டது. விநாடிக்கு 25 ஃப்ரேம்கள் ஓடும். அமெரிக்க மரபாகிய என்.டி.எஸ்.சி. முறையில் 720-க்கு 480 புள்ளிகள், விநாடிக்கு 29.97 ஃப்ரேம்கள். ஒலி விநாடிக்கு 48,000 மாதிரிகள் என்னும் அளவில் இருத்தல் வேண்டும். கைப்பேசியில் வழங்கும் ஏ.ஏ.சி. ஒலியும், நாம் நன்கறிந்த எம்.பி.3 ஒலியும் டி.வி.டி. இலக்கணத்தில் இடம் பெறாதவை. அவற்றை ஏ.சி.3 முறைக்கோ எம்.பி.2 முறைக்கோ மாற்றிக்கொள்ள வேண்டும்.

இம்மாற்றங்களை நாமே கணக்கிட வேண்டுவதில்லை. ‘டி.வி.டி. ஸ்டைலர்’ என்னும் இலவச மென்பொருள் இவற்றைச் செய்து, தட்டுக்குரிய அமைப்பையும் உண்டாக்கித் தரும். விண்டோஸ் 7 வரை கணினியோடு சேர்ந்து வந்த டி.வி.டி. மேக்கர், 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் நீக்கப்பட்டுவிட்டது. ‘ஹேண்ட்பிரேக்’ என்பது தட்டிலிருந்து கோப்பாக்கவும், கோப்பைக் கோப்பாக மாற்றவும் பயன்படுவது. அது தட்டு எழுதாது. தட்டு இயக்கி இல்லாத மடிக்கணினி உடையோர் யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் வெளி இயக்கியை வாங்கிக்கொள்ளலாம்.

இனித் தொல்லைகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

பிளேயர் தட்டை ஏற்க மறுத்தல்

தட்டைக் கணினியில் இட்டுத் திறந்து பாருங்கள். ‘வீடியோ டி.எஸ்.’ என்னும் உறையும், அதனுள் வி.ஓ.பி., ஐ.எஃப்.ஓ. என முடியும் கோப்புகளும் இருந்தால் அது முறையான டி.வி.டி. எம்.பி.4 கோப்பு ஒன்று மட்டும் தனியே கிடந்தால், அது சரக்கு ஏற்றிய தட்டேயன்றிப் படத்தட்டு அன்று. கோப்பை இழுத்துவிட்டு எழுது என்று சொல்லும்போது கணினி செய்வது இதுவே. மென்பொருளின் வழியாகப் படத்தட்டாக அமைத்த பின்னரே எழுத வேண்டும். எழுதி முடிந்ததும் தட்டை ‘ஃபைனலைஸ்’ செய்து மூடிவிடுவதும் இன்றியமையாதது. மூடாத தட்டை எழுதிய கருவி படிக்கலாம். பிற கருவிகள் பெரும்பாலும் படிக்கமாட்டா.

ஒலி விலகுதல்

இது இருவகை. தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே அளவாக விலகி நின்றால், மென்பொருளில் ஒலியை அத்துணை நேரம் முன்னோ பின்னோ நகர்த்தினால் போதும். தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக விலகினால் நோய் வேறு. கைப்பேசிகள் வெளிச்சத்திற்கு ஏற்ப ஃப்ரேம்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் படம் எடுப்பதுண்டு. தட்டுக்கோ மாறாத வேகம் வேண்டும். மீடியா இன்ஃபோவில் வேகம் ‘மாறுவது’ என்று குறிக்கப்பட்டிருந்தால், முதலில் ஹேண்ட்பிரேக்கில் மாறாத வேகத்தைத் தேர்ந்து ஓர் இடைக்கோப்பு ஆக்கிக்கொள்ளுங்கள். அவ்விடைக்கோப்பைச் சிறிதாக்க எண்ண வேண்டாம். தரத்தை உயர்த்தி வையுங்கள், அளவு பெருகினால் பெருகட்டும். பழைய ஏ.வி.ஐ. கோப்புகளில் எம்.பி.3 ஒலியின் அளவு இடத்துக்கு இடம் மாறுவதாலும் இத்தொல்லை நேரும். அங்கே ஒலியைச் சுருக்காத டபிள்யூ.ஏ.வி. கோப்பாகப் பிரித்தெடுத்துப் பின் சேர்த்தால் தீரும்.

முகம் அகலுதலும் படம் துள்ளுதலும்

டி.வி.டி.யின் புள்ளிகள் சதுரமானவை அல்ல. ஒரே 720-க்கு 576 புள்ளிகள் பழைய பெட்டிக்கு 4-க்கு 3 என்னும் விகிதத்திலும், புதிய பெட்டிக்கு 16-க்கு 9 என்னும் விகிதத்திலும் விரிக்கப்படுகின்றன. எவ்வாறு விரிப்பது என்னும் குறிப்பு தவறினால் முகம் அகலும், அன்றி நீளும். கைப்பேசியைக் கிடையாகப் பிடித்து எடுத்த படத்துக்கு 16-க்கு 9 என்று தேர்க. நிமிர்த்திப் பிடித்து எடுத்ததாயின் இருபுறமும் கரிய பட்டை விழும். அதைப் பொறுத்துக்கொள்வதே சரி. பட்டையை நீக்க இழுத்தால் மனிதர்கள் உருக்குலைவார்கள்.

படம் சீராக ஓடாமல் துள்ளினால் ஃப்ரேம் வேகத்தை நோக்குக. விநாடிக்கு 30 ஃப்ரேம்களாக எடுத்ததை 25 ஆக்கும்போது ஆறில் ஒன்றை விட்டுவிட நேர்கிறது. பரதநாட்டியம் போன்ற விரைந்த அசைவுகளில் இது கண்ணை உறுத்தும். அத்தகைய படத்துக்கு என்.டி.எஸ்.சி. முறையைத் தேர்ந்தால் துள்ளல் நீங்கும். நம் நாட்டில் விற்ற பிளேயர்களில் மிகப் பல இருமுறைகளையும் ஏற்பவை. எனினும் ஊரில் உள்ள கருவியின் கையேட்டைப் பார்க்கச் சொல்லிய பின் முடிவு செய்வது நன்று.

கட்டம் கட்டமாகத் தெரிதல்

இதன் காரணம் பெரும்பாலும் பேராசையே. ஒரு தட்டில் இடம் 4.7 ஜிகாபைட், அதாவது 37,600 மெகாபிட். இரண்டு மணி நேரம் என்பது 7,200 விநாடி. வகுத்தால் விநாடிக்கு ஏறத்தாழ 5.2 மெகாபிட் கிடைக்கும். ஒலிக்கும் அமைப்புக்கும் ஒதுக்கியது போகப் படத்துக்கு 4.8 எஞ்சும், இது போதுமானது. மூன்று மணி நேரத்தை அடைத்தால் எல்லாம் சேர்ந்தே 3.5 மெகாபிட்தான். அப்போது மணவறைப் புகையும் மலர் மாலையும் கட்டங்களாக உதிரும். நிகழ்ச்சி நீண்டதாயின் இரண்டு தட்டுகளாகப் பிரித்துவிடுங்கள். ஒரு மணி நேரமே ஆனால் 10.4 மெகாபிட் வரை இடம் இருக்கும். ஆயினும் படத்துக்கு இலக்கணம் வகுத்த உச்சம் 9.8 ஆகும். 8-க்கு மேல் போகாதிருப்பது பழைய பிளேயர்களுக்கு நன்மை.

இடத்தைக் கணக்கிடுவதில் ஒரு மயக்கம் உண்டு. 4.7 என்று அட்டையில் அச்சிட்ட தட்டை விண்டோஸ் 4.37 என்றே காட்டும். அளக்கும் படி வேறாதலின் எண் வேறு. ஆகவே விண்டோஸில் 4.5 என்று தோன்றும் உறை அத்தட்டில் ஏறாது.

இடையில் உறைதல்

தட்டில் கைரேகையும் கீறலும் இல்லையென உறுதி செய்த பின், எழுதிய வேகத்தை எண்ணிப் பாருங்கள். இயக்கி தரும் உச்ச வேகத்தை விடுத்து, 4 மடங்கு அல்லது 8 மடங்கு வேகத்தில் எழுதுவது பொதுவாகப் பிழை குறைந்தது. தட்டின்மேல் காகிதச் சீட்டு ஒட்டாதீர்கள். சுழலும்போது எடை ஒருபுறம் சாயும். தட்டுக்கென்று விற்கும் மென்முனைப் பேனாவால் எழுதினால் போதும்.

எழுதுமுன் வீடியோ டி.எஸ். உறையைக் கணினியில் வி.எல்.சி. கொண்டு தொடக்கம், நடு, இறுதி ஆகிய மூன்று இடங்களிலும் ஓட்டிப் பார்த்தால் தட்டும் காலமும் வீணாகா. தலைப்பில் தமிழ் எழுத்து வரவேண்டிய இடத்தில் வெறுங்கட்டங்கள் வந்தால், தமிழ் எழுத்துருவைத் தேர்ந்துகொள்ளுங்கள். டி.வி.டி.யில் தலைப்பும் துணையுரையும் படங்களாகவே பதிவதால், நம் கணினியில் சரியாக வந்தால் எந்தப் பிளேயரிலும் சரியாகவே வரும்.

பழைய வி.சி.டி. வைத்திருப்போர்

1993-இல் வகுக்கப்பட்ட வி.சி.டி. முறையில் பதிந்த திருமணங்கள் பல வீடுகளில் உள்ளன. அவற்றின் படம் 352-க்கு 288 புள்ளிகளே கொண்ட எம்பெக்-1. இதை டி.வி.டி. இலக்கணம் ஏற்கும். ஆதலால் படத்தை மீண்டும் சுருக்காமல் அப்படியே வைத்து, 44,100 மாதிரிகளாக உள்ள ஒலியை மட்டும் 48,000 ஆக்கினால் போதும். பெரிதாக்கினால் தெளிவு கூடும் என்று எண்ணி மாற்றுவோர் இருந்த தெளிவையும் சிறிது இழப்பர்.

மூலத்தைப் போற்றுக

இவ்வளவும் கூறியபின் நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்று. கைப்பேசியின் முழு உயர்தரப் படத்தில் 1920-க்கு 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். டி.வி.டி.யில் 4,14,720 புள்ளிகள். சரியாக ஐந்தில் ஒரு பங்கு. தட்டு எழுதியாயிற்றே என்று கைப்பேசியிலிருந்து மூலக்கோப்பை அழிப்பவர், ஐந்தில் நான்கு பங்கைத் தம் கையால் எறிகிறார். ஒரு பெரியவரின் குரலும் முகமும் பதிந்த கடைசிப் படம் அதுவாக இருந்துவிட்டால், அதை எந்தக் கடையிலும் மீட்க இயலாது. வீட்டில் எழுதும் தட்டும் சாயப்பூச்சில் பதிவதே. வெயிலும் வெப்பமும் அதை அழிக்கும். தட்டு காண்பதற்கு உரியது. காப்பதற்கு உரியது மூலக்கோப்பு.

வாட்ஸ்அப் வழியாக வீடியோவாக அனுப்பிய பிரதியை மூலம் என்று கருதவும் வேண்டாம். அது வழியில் மறுபடியும் சுருக்கப்பட்டது. உறவினரிடம் கேட்டு வாங்கும்போது, ஆவணமாக அனுப்பச் சொல்லிப் பெறுங்கள். பெற்ற மூலத்தை இரண்டு வன்தட்டுகளில் வைத்து, ஒன்றை இங்கும் ஒன்றை ஊரிலும் காத்திடுங்கள். கோப்பின் பெயரில் நிகழ்ச்சி, நாள், ஊர் மூன்றையும் எழுதுங்கள். படத்தில் இருப்போர் இன்னார் என்று சொல்லத்தக்க பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் குறித்து அதனுடன் சேர்த்து வையுங்கள். தட்டு கெட்டால் மூலத்திலிருந்து மற்றொன்று எழுதிக்கொள்ளலாம்.