'இல்லை' நோட்டு எங்கே?

புதுப்பட்டினத்தில் வீடு கட்டுகிற ஒருவருக்கு எத்தனை மூட்டை சிமென்ட் கிடைக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? வீட்டுக்காரர், மேஸ்திரி, கடைக்காரர் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இப்போது நாலாவதாக ஒருத்தர் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்ததில்லை. உப்புக் காற்று அவர் மேல் பட்டதில்லை. அவர் சென்னையில் ஏ.சி. அறையில் இருக்கும் கம்ப்யூட்டர்.

பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் கட்டுமானப் பொருள் மொத்த வியாபாரிகளுக்கு இப்போது ஒரு மோகம். எந்தக் கிளைக்கு எந்தச் சரக்கு, எவ்வளவு, என்றைக்கு என்பதைக் கிளை மேனேஜரிடமிருந்து வாங்கித் தலைமை அலுவலகத்தில் வைத்துக்கொள்வது. 'நீங்க ஆர்டர் போட வேண்டாம் சார், சிஸ்டம் பார்த்துக்கும்' என்று கிளைக்குச் சொல்லிவிடுவது.

அவங்க வியாபாரம், அவங்க இஷ்டம், நமக்கென்ன என்கிறீர்களா? நமக்குத்தான். தளம் போடும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அறுநூறு சதுர அடித் தளத்துக்குச் சுமார் அறுபது மூட்டை சிமென்ட் வேண்டும். மிக்ஸர் வந்துவிட்டது. கொத்தனார், சித்தாள் என்று பத்துப் பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். நாற்பதாவது மூட்டையில் சரக்கு தீர்ந்தால், ஓடிப்போய் வாங்கக் கடையில் மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பாதித் தளம் இன்று, மீதி நாளை. நடுவில் விழுகிற ஒட்டு வழியாக அடுத்த ஐப்பசியில் மழை உள்ளே வரும். அன்றைய அரை நாள் கூலி சித்தாளுக்குப் போனது போனதுதான். கம்ப்யூட்டருக்கு எந்த நஷ்டமும் இல்லை.

இருங்கள், நான் கம்ப்யூட்டருக்கு எதிரி இல்லை. சரக்கை ஒரே இடத்தில் வைத்துப் பிரித்து அனுப்புவதில் நல்ல நியாயம் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வியாபாரிக்கு செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், புதுப்பட்டினம், கூவத்தூர், செய்யூர் என்று ஐந்து கிளைகள் என்று வைத்துக்கொள்வோம். 'திடீர்னு யாராவது கேட்டால்?' என்ற பயத்துக்காக ஒவ்வொன்றும் 100 மூட்டை கூடுதலாக வைத்திருக்கிறது. மொத்தம் 500. ஆனால், ஐந்து ஊரிலும் ஒரே நாளில் திடீர்க் கூட்டம் வருவது அபூர்வம். ஒரு ஊரில் கூடினால் இன்னொரு ஊரில் குறையும். எனவே அந்தக் கூடுதல் சரக்கை ஒரே குடோனில் வைத்தால் 500 தேவையில்லை. ஐந்தின் வர்க்கமூலத்தால் நூறைப் பெருக்கினால் 224. அதே தைரியத்துக்கு அது போதும் என்கிறது கணக்கு. மிச்சமாகும் 276 மூட்டையில் முடங்கிக் கிடக்கிற பணம் வெளியே வரும். இந்தக் கணக்கு நிர்வாகவியல் உலகில் 1970-களிலிருந்தே பிரசித்தம்.

கடற்கரைக்கு இன்னொரு நியாயமும் உண்டு. சிமென்ட் ஈரக் காற்றைக் குடிக்கும். நன்றாக மூடி வைத்தாலும் மூன்று மாதத்தில் சுமார் 20 சதவிகித பலம் போய்விடும் என்று பொறியியல் மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். வியாபாரியிடம் மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த மூட்டையை மறுபடி சோதிக்கச் சொல்கிறது இந்தியத் தர நிர்ணயம். கம்பியோ உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். ஆகவே, கடலோரக் கிளையில் மலைபோலக் குவித்து வைப்பதைவிட, முப்பது கிலோமீட்டர் உள்ளே தள்ளி செங்கல்பட்டில் வைத்துக்கொண்டு அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவது வாங்குகிறவருக்கும் நல்லது.

இன்னும் ஒன்று. கிளை மேனேஜர்களும் ஒன்றும் தர்மபுத்திரர்கள் இல்லை. 'விலை ஏறப்போகுது' என்று ஒரு வதந்தி கிளம்பினால், 100 தேவைப்படுகிறவர் 300 கேட்பார். மேலே இருப்பவர் அதைப் பார்த்து 1,000 கேட்பார். அமெரிக்காவில் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனி குழந்தைகளின் டயாபர் விற்பனையில் இதைக் கவனித்தது. குழந்தைகள் ஒரே சீராகத்தான் நனைக்கிறார்கள். ஆர்டர் மட்டும் தாறுமாறாக ஏறி இறங்குகிறது. ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஹவ் லீயும் சகாக்களும் 1997-ல் இதை விளக்கிக் கட்டுரை எழுதினார்கள். சாட்டையின் பிடியைக் கொஞ்சம் அசைத்தால் நுனி எங்கேயோ போய் விளாசுகிற மாதிரி என்பதால் அதற்குச் சாட்டை விளைவு என்று பெயர். எல்லாக் கிளைகளின் விற்பனையையும் ஒரே இடத்திலிருந்து பார்த்தால் இந்த ஆட்டம் குறையும். உண்மை.

அப்புறம் என்ன சண்டை? சண்டை இங்கேதான். சரக்கை ஒன்றாக்குவது வேறு, புத்தியை ஒன்றாக்குவது வேறு. முன்னதைச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பின்னதைச் செய்கிறார்கள்.

கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது பில் மட்டும். பில் போட்டதை அது விற்பனை என்கிறது, விற்பனையைத் தேவை என்கிறது. கிளையில் 8 மில்லிமீட்டர் கம்பி தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரி சிகரெட் அட்டையில் எழுதிய லிஸ்ட்டோடு வருகிறார். 'இல்லை' என்றதும் அடுத்த கடைக்குப் போகிறார். இப்படிப் பத்துப் பேர். கம்ப்யூட்டரில் என்ன பதிவாகும்? 8 மில்லிமீட்டர், விற்பனை பூஜ்யம். 'ஓகோ, புதுப்பட்டினத்தில் இது போணி ஆகவில்லை' என்று அடுத்த மாத ஒதுக்கீட்டையும் குறைக்கும். இல்லாததை விற்க முடியாது. விற்காததை அனுப்ப மாட்டார்கள். இந்தச் சக்கரத்தில் சிக்கிய கிளை மெள்ளச் செத்துப்போகும். கடைசியில் 'அந்த ஏரியாவே டல் சார்' என்று இழுத்துப் பூட்டுவார்கள்.

பழைய கடைகளில் இதற்கு வைத்தியம் இருந்தது. சில முதலாளிகள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருப்பார்கள். கேட்டு வந்து இல்லாமல் போனவை அதில் ஏறும். அந்த 'இல்லை' நோட்டுதான் கடையின் நிஜக் கணக்கு. புது சிஸ்டம் வாங்குகிறவர்கள், அதில் 'இல்லை' என்று சொன்னதைப் பதிய ஒரு கட்டம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தாலும், அதை நிரப்பினதற்காக யாரையாவது ஒரு நாள் பாராட்டியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

அடுத்தது, காலண்டர். கம்ப்யூட்டருக்கு டிசம்பர் தெரியும்; மார்கழி தெரியுமா? ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர்கள் பூமி பூஜை போடத் தயங்குவார்கள். தை பிறந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். டிசம்பர் விற்பனையைப் பார்த்து ஜனவரிக்கு அனுப்பினால் பொங்கல் முடிந்த வாரம் கடை காலி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். கடலை நம்பிய வீடுகளில் காசு புரளாது. சித்திரையில் திருக்கழுக்குன்றம் தேரோட்டத்தன்று செங்கல்பட்டிலிருந்து அந்த ஊருக்குள் புகுந்து லாரி வருவது கஷ்டம். இதெல்லாம் கிளையில் மூட்டை தூக்குகிறவருக்குக்கூடத் தெரியும்.

புயல் வேறு இருக்கிறது. 2022 டிசம்பர் 9-ம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. புயலுக்கு மறுநாள் தேவை கூரை ஷீட், ஆணி, கட்டுக்கம்பி. போன மூன்று வருஷ சராசரி அதைச் சொல்லாது. அதோடு, கடற்கரை முழுக்க எல்லாக் கிளைகளுக்கும் ஒரே நாளில் தேவை வரும். 'எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வராது' என்ற நம்பிக்கையில்தான் 500-ஐ 224 ஆக்கினோம். புயலும் தை மாசமும் அந்த நம்பிக்கையை உடைக்கின்றன. மிச்சம் பிடித்த மூட்டை மிக அவசரமான அன்றைக்குத்தான் இல்லாமல் போகும்.

தூரத்தில் உட்கார்ந்து லிஸ்ட் போடுவது இந்தப் பகுதிக்குப் புதிதில்லை. புதுப்பட்டினத்தை ஒட்டி இருக்கிற சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை இன்றும் நிற்கிறது. மஸ்லின் துணி ஏற்றுமதிக்கு அது கிடங்கு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'பதினேழு கனவான்கள்' ஹாலந்தில் உட்கார்ந்து, என்னென்ன துணி எவ்வளவு வேண்டும் என்று வருஷா வருஷம் லிஸ்ட் அனுப்புவார்கள். லிஸ்ட் கடல் தாண்டி வர மாதக்கணக்காகும். அதற்குள் இங்கே மழை பொய்த்ததா, நெசவாளி ஊரைவிட்டுப் போனானா என்பதெல்லாம் அந்தக் காகிதத்துக்குத் தெரியாது. அந்தக் கம்பெனி 1799-ல் கலைக்கப்பட்டது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால், லிஸ்ட் போடுகிறவருக்கும் சரக்கைப் பார்க்கிறவருக்கும் நடுவில் ஒரு சமுத்திரம் இருந்ததை மறக்கக்கூடாது. இன்றைக்கு ஃபைபர் கேபிள் வந்து சமுத்திரம் போய்விட்டது. காது கொடுக்காத பழக்கம் மட்டும் போகவில்லை.

சிமென்ட்டிலேயே உதாரணம் வேண்டுமா? பெரியவர்களைக் கேளுங்கள், பர்மிட் காலத்தைச் சொல்வார்கள். 1982 பிப்ரவரியில் பாதியும் 1989 மார்ச்சில் முழுசும் விலக்கப்படும்வரை சிமென்ட் சர்க்காரின் கட்டுப்பாட்டில் இருந்தது. மேலே இருந்து ஒதுக்கீடு, கீழே மனு. ஒதுக்குகிற அதிகாரம் ஓரிடத்தில் குவிந்தால் என்ன ஆகும் என்பதற்கு மகாராஷ்டிரமே சாட்சி. சிமென்ட் ஒதுக்கீட்டுக்கும் அறக்கட்டளை நன்கொடைக்கும் தொடர்பு இருந்ததாக பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னதும், 1982 ஜனவரியில் முதல்வர் அந்துலே ராஜினாமா செய்தார்.

2015 ஜனவரியில் தமிழக அரசு அம்மா சிமென்ட் கொண்டுவந்தது. மூட்டை 190 ரூபாய். தனியார் ஆலைகளிடம் மொத்தமாக வாங்கி, நுகர்பொருள் வாணிபக் கழகம், ஊரக வளர்ச்சி முகமை ஆகியவற்றின் கிடங்குகள் வழியாக விற்பனை. நூறு சதுர அடிக்கு 50 மூட்டை, அதிகபட்சம் 750. மொத்தமாக வாங்கியதால் விலை குறைந்தது. நல்ல காரியம்தான். ஆனால் வீடு கட்டுவது கணக்குப்படி நடப்பதில்லை. அஸ்திவாரத்துக்கு ஒரு நாள், தளத்துக்கு ஒரு நாள். கிடங்குக்கு லோடு வருகிற நாள் தளம் போடுகிற நாளாக இருக்க வேண்டுமே! 190 ரூபாய் மூட்டைக்காகக் காத்திருந்து பத்து நாள் வேலை நின்றால் லாபம் எங்கே?

'அப்படியானால் ஜப்பான்காரன் எப்படி ஜெயித்தான்?' என்று எம்.பி.ஏ. படித்த தம்பி கேட்பார். நல்ல கேள்வி. டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ தன் முறைக்கு யோசனை எடுத்தது அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டிலிருந்து. வாடிக்கையாளர் அலமாரியிலிருந்து எதை எடுத்தாரோ அதை மட்டும் நிரப்புவது. அங்கே சேதி கிளம்புவது கீழே வேலை நடக்கும் இடத்திலிருந்து. மேலே இருப்பவர் தள்ளுவதில்லை. கீழே இருப்பவர் இழுக்கிறார். கோளாறு தெரிந்தால் சாதாரணத் தொழிலாளியே கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம். நம்மவர்கள் டொயோட்டாவிடமிருந்து கம்ப்யூட்டர் திரையை மட்டும் வாங்கிக்கொண்டு, கயிற்றை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

அதனால்தான் விற்காத டைல்ஸ் எல்லாம் கிளை தலையில் வந்து இறங்குகிறது. 'லாரி ரொம்பட்டும்' என்று அவசரச் சரக்கு மூன்று நாள் காத்திருக்கிறது. மாதக் கடைசியில் 'ஏன் விற்கலை?' என்று திட்டு வாங்குகிறவர், அந்த ஆர்டரைப் போடாத கிளை மேனேஜர். அதிகாரம் மேலே, பழி கீழே. இதற்கு நிர்வாகம் என்று பெயரா?

நான் கேட்பது நாலே விஷயம்.

1. கொள்முதலையும் பெரிய குடோனையும் தாராளமாக ஒன்றாக்குங்கள். விலை பேச அது பலம். ஆனால், கம்ப்யூட்டர் சொல்வது யோசனையாக இருக்கட்டும், உத்தரவாக வேண்டாம். காரணம் எழுதி ஒரு அளவுவரை கூட்டவும் குறைக்கவும் கிளைக்கு உரிமை கொடுங்கள்.

2. அப்படி மாற்றியது சரியா தப்பா என்று மூன்று மாதம் கழித்து இரண்டு பேர் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வதந்தியைக் கேட்டு 300 கேட்டவர் அப்போது தானாக மாட்டுவார். கம்ப்யூட்டரும் மாட்டும்.

3. 'இல்லை' நோட்டைத் திரும்பக் கொண்டுவாருங்கள். விற்றதற்குச் சமமாக விற்க முடியாமல் போனதையும் எண்ணுங்கள்.

4. ஐப்பசி முதல் மார்கழி வரை கடலோரக் கிளைகளில் புயல் சரக்கு தனியாக இருக்கட்டும். சராசரிக் கணக்கு அதைத் தொடக் கூடாது.

இதில் எதற்கும் கோடிக்கணக்கில் செலவில்லை. கிளையில் இருக்கிறவரையும் மனுஷனாக மதிக்கிற மனசு மட்டும் வேண்டும். வாடிக்கையாளர் வாசலில் வந்து கேட்டுவிட்டு வெறும் கையோடு திரும்புவதைப் பார்க்கிற ஒரே கண் அவருடையது. அந்தக் கண்ணைக் கட்டிவிட்டு, சென்னையில் எத்தனை பெரிய திரை மாட்டினாலும் அதில் தெரியப்போவது நேற்றைய பில் மட்டும்தான்.