உபதேசியார் சம்பளம்

1542 அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அங்கே மதமாற்றம் நடந்து முடிந்திருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பே பரதவர்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். கடலில் தங்களை நெருக்கியவர்களிடமிருந்து போர்த்துக்கீசியர் காப்பாற்றுவார்கள் என்பது அதற்குப் பெரிய காரணம். தண்ணீர் ஊற்றிய குருக்கள் போய்விட்டார்கள். எதை விசுவாசிக்கிறீர்கள் என்று கேட்டால், நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்குமேல் அந்த மக்களுக்குச் சொல்லத் தெரியவில்லை என்று 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் சவேரியாரே குறிப்பிடுகிறார்.

அவர் செய்தது எளிய வேலை. தமிழும் போர்த்துக்கீசியமும் தெரிந்த சிலரைத் தேடிப் பிடித்து, விசுவாசப் பிரமாணம், பரமண்டல செபம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணியோடு தெருவில் இறங்கிப் பிள்ளைகளைக் கூட்டினார். கற்றதை வீட்டில் போய் அப்பா அம்மாவுக்கும் வேலையாட்களுக்கும் சொல்லிக் கொடுக்கும்படி பிள்ளைகளை அனுப்பினார். ஓர் ஊரை விட்டுக் கிளம்பும்போது செபங்களின் பிரதி ஒன்றை அங்கே விட்டு, தொடர்ந்து சொல்லிக் கொடுக்க உள்ளூர்க்காரர் ஒருவரை நியமித்தார். கணக்கப்பிள்ளை என்ற அந்த ஆள்தான் உபதேசியார். போர்த்துகல் அரசி கேத்தரீனின் பாதணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து ஆண்டுதோறும் போய்க்கொண்டிருந்த பணத்தைக் கேட்டு வாங்கி, அதை இவர்களுக்குச் சம்பளமாக்கினார். சவேரியார் செய்த எல்லாவற்றிலும் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஓவியர்களோ அவர் சிலுவையை உயர்த்திப் பிரசங்கிப்பதையே வரைந்து தள்ளினார்கள். சம்பளப் பட்டியலை யார் வரைவார்?

பிரசங்கம் ஒரு செய்தியை அறிவித்து, கேட்பவரிடம் இப்போதே பதில் கேட்கிறது. போதனையோ அந்தப் பதிலுக்குப் பிறகு வரும் ஆண்டுகளுக்கானது. இரண்டையும் கோடு கிழித்துப் பிரித்தவர் வேல்ஸ் நாட்டு வேத அறிஞர் சி. எச். டாட். 1936இல் வெளியான அவர் நூலுக்குப் பின் இந்தப் பிரிவு இறையியல் கல்லூரிகளில் நிலைத்துவிட்டது. கோடு அவ்வளவு நேரானதல்ல என்று எதிர்த்தவர்களும் உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் முடியும் இடத்தில், ரோமாபுரியில் வாடகை வீட்டில் இருந்த பவுல் இரண்டையும் சேர்த்தே செய்துகொண்டிருந்தார். எபேசுவில் திறன்னு என்பவனுடைய வித்தியாசாலையில் இரண்டு வருடம் தினமும் பேசினார். துரோவாவில் அதே பவுல் நடுராத்திரிவரை பேசிக்கொண்டே போக, ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மாடி ஜன்னலிலிருந்து விழுந்தான். நீண்ட பிரசங்கத்துக்கு வேதத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது.

பிரசங்கம் மட்டும் போதாது என்ற பாடம் லூத்தருக்கும் தாமதமாகத்தான் கிடைத்தது. சீர்திருத்தப் பிரசங்கம் பத்தாண்டுகளாக முழங்கிய சாக்சனி நாட்டில், 1528இல் சபைகளைப் பார்வையிடப் போனவர் திடுக்கிட்டார். கிராமத்து ஜனங்களுக்குக் கர்த்தருடைய ஜெபம்கூடத் தெரியவில்லை. போதகர்கள் பலருக்கும் கற்பிக்கும் திறமை இல்லை. அடுத்த ஆண்டே, வீட்டுத் தலைவன் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்படி கேள்வி பதிலாகச் சிறிய ஞானோபதேசத்தை எழுதினார்.

லூத்தருக்கு வெகு காலம் முன்பே, கார்த்தேஜில் தேயோகிராசியாஸ் என்று ஓர் உதவிக்குரு இருந்தார். புதிதாக வருபவர்களுக்கு ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்தி எனக்கே சலித்துப்போகிறது, என்ன செய்வது என்று அகுஸ்தீனாரிடம் கேட்டார். கி.பி. 400ஐ ஒட்டி அகுஸ்தீனார் பதிலாக ஒரு நூலே எழுதினார். கேட்பவன் கொட்டாவி விட்டால் அவனை உட்காரவை. புரிந்ததா என்று கேள்வி கேட்டுப் பார். அவனுக்கு ஏற்கெனவே எது தெரியும் என்று முதலில் விசாரி என்பது அவர் சொன்ன யோசனைகளின் சாரம். பிரசங்க மேடையிலிருந்து கொட்டாவி தெரியாது. தெரிந்தாலும் நிறுத்திக் கேட்க வழியில்லை.

கற்பித்தால் போதும், எல்லாம் நிலைக்கும் என்று சொல்லவும் முடியாது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களை விரட்டிவிட்டு, கோயிற்பற்றுத்தோறும் பள்ளிக்கூடம் வைத்தார்கள். வராத பிள்ளைக்குத் தண்டம். ஞானஸ்நானமும் விவாகமும் பள்ளித் தோம்பு என்ற பதிவேட்டில் பதியப்பட்டன; பதிவு இல்லாதவருக்குச் சொத்திலும் உத்தியோகத்திலும் சிக்கல். பிள்ளைகள் வினாவிடையை ஒப்புவித்தார்கள். 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி போனதும், ஏட்டில் இருந்த அந்தப் பெரும் சபை சில ஆண்டுகளில் கரைந்துபோனது. அதே யாழ்ப்பாணத்துக்கு, முப்பது ஆண்டளவு குருவே இல்லாதிருந்த கத்தோலிக்கரைத் தேடி, 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் என்ற குரு ஒளிந்து வந்தார். பிச்சைக்காரக் கோலத்தில், கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் போய், அதை அடையாளம் காண்பவர் யார் என்று பார்த்தார் என்கிறது அவர் சரித்திரம். அடையாளம் கண்டவர்கள் இருந்தார்கள். வீட்டுக்குள் தாய் சொல்லிக் கொடுத்த செபத்துக்குத் தோம்பு தேவைப்படவில்லை. வாஸும் தாம் போக முடியாத ஊர்களில் மூப்பரையும் அண்ணாவியையும் நியமித்துவிட்டுத்தான் அடுத்த ஊருக்கு நடந்தார்.

நம் சபைகளில் இன்று பிரசங்கத்துக்குப் பஞ்சமில்லை. கன்வென்ஷன் பந்தலுக்கும் எல்.இ.டி. திரைக்கும் வெளியூர்ப் பிரசங்கியாருக்கும் காணிக்கை சேர்ந்துவிடுகிறது. பல ஊர்ச் சபைகளைச் சுமக்கும் சேகரகுருவுக்கு ஞாயிறன்று ஓர் ஊரில் ஆசீர்வாதம் சொல்லி முடித்ததும் அடுத்த ஊருக்கு வண்டி எடுக்கத்தான் நேரம். ஊரிலேயே தங்கி, சாவு வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே ஆளாய் இருந்த உபதேசியார் பதவி பல இடங்களில் தேய்ந்துவிட்டது. திடப்படுத்தல் வகுப்பு சில வாரங்களில் முடிகிறது. கடற்கரை ஊர் ஒன்றில் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பதினைந்து வயதுப் பெண், 2004 சுனாமியில் போன பாட்டியும் ஜெபம் பண்ணினவள்தானே என்று கேட்கக்கூடும். பந்தலில் பேசியவர் அதற்குள் ரயில் ஏறியிருப்பார். எதிரே இருப்பது ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை. சம்பளம் கிடையாது, பயிற்சி என்பது வருடத்துக்கு ஒரு முகாம். அந்தக் கேள்வியோடு அடுத்த வாரமும் அதே பெண் வருவாள். அப்போது பதில் சொல்லும் தெம்பை அந்த ஆசிரியைக்குக் கொடுக்கத் திருமண்டல வரவுசெலவில் எந்தத் தலைப்பில் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறோம் என்று கமிட்டியில் யாராவது கேட்க வேண்டும்.