முகப்புக்கு 40 கோடி, முகப்பே இல்லாதவர்களுக்கு?

சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜாரில் நடப்பது இன்று எளிது. 2019 நவம்பரில் திறக்கப்பட்ட நடைபாதை வளாகம், சீர்மிகு நகரத் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 40 கோடி ரூபாய் பொதுப்பணத்தில் அமைந்தது. கடைகளின் முன்னே அகன்ற நடைபாதை, இருக்கைகள், விளக்குகள். முதியோரும் குழந்தைகளும் அச்சமின்றி நடக்கிறார்கள். இதை நாம் எதிர்க்கவில்லை. நகரின் பிற கடைத்தெருக்களுக்கும் இது முன்மாதிரியாகப் பேசப்படுவதால், இந்தப் பொதுச் செலவின் பயன் யாருக்குச் சேருகிறது என்று கேட்கவேண்டியுள்ளது.

அத்தெருவின் பெயரே இக்கேள்விக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. பாண்டி பஜாரின் முழுப்பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார், இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று ஆணையிட்டார். பொதுச்சாலையால் பிழைப்போர் பொதுமக்களில் ஒரு பகுதியினரை விலக்கக் கூடாது என்பதே அவ்வாணையின் சாரம்.

கடைக்குள் நுழைய எத்தனை வாசல்கள்?

மாநகராட்சி ஒரு கடைத்தெருவை அழகுபடுத்தினால் அங்குள்ள கட்டடங்களின் மதிப்பும் வாடகையும் உயர வாய்ப்புண்டு. அந்த உயர்வு கட்டட உரிமையாளருக்குப் போகிறது. கடை நடத்துவோருக்குக் கூட்டம் பெருகுகிறது. அதே நடைபாதையில் பூவும் பழமும் சீப்பும் வளையலும் விற்று அத்தெருவுக்கு மக்களை வரவழைத்தவர்களோ, அழகைக் கெடுக்கும் ஆக்கிரமிப்பாளர் ஆகிவிடுகிறார்கள்.

ஒரு கடை வைக்க முன்பணம் வேண்டும். கடன் தரும் உறவு வேண்டும். வாடகைக்கு விட உரிமையாளரின் மனம் வேண்டும். இம்மூன்றையும் கடக்கும்போது சாதி குறுக்கே நிற்கிறது. வெளிநாட்டுப் பட்டங்களுடன் திரும்பிய அம்பேத்கரே பம்பாயில் பங்குச்சந்தை ஆலோசனை நிறுவனம் தொடங்கி, நடத்துபவர் தீண்டத்தகாதவர் எனத் தெரிந்ததும் வாடிக்கையாளர் விலகியதால் அதை மூட நேர்ந்தது. பெருநகரத்தின் நடைபாதையில் விற்பவரிடம் யாரும் ஊரும் தெருவும் கேட்பதில்லை. நிலமோ சேமிப்போ இல்லாத தலித் குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வணிகத்தின் முதல் படி அதுவே. நடைபாதையிலிருந்து விற்பனையை அகற்றும் திட்டம் அந்தப் படியைத்தான் உடைக்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது?

1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வாழ்வாதாரம் அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் நடைபாதை நடப்போருக்கானது என்றும், உரிய நடைமுறைப்படி அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 1989இல் சோதான் சிங் வழக்கு, சாலையோர வணிகம் 19(1)(எ) பிரிவில் அடங்கும் என ஏற்றது. குறிப்பிட்ட ஓர் இடத்தை யாரும் நிலையாக உரிமை கோர முடியாது என்றும் வரையறுத்தது. இந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம்.

அச்சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் வழங்கும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது. இடம் மாற்றுவதற்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்கவேண்டும். அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய இடம் வேண்டும். தெரு விற்பனைத் திட்டத்தை அக்குழுவின் பரிந்துரையின்பேரிலேயே மாநகராட்சி வகுக்கவேண்டும்.

பாண்டி பஜாரின் காலவரிசையை இதனுடன் வைத்துப் பார்ப்போம். 2013இல் 600க்கும் மேற்பட்ட வியாபாரிகள் நடைபாதையிலிருந்து அருகிலுள்ள பலமாடி வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டனர். வாங்குவோர் மாடியேறி வருவதில்லை என்பது அவர்களின் நீண்டகால முறையீடு. அந்த இடமாற்றத்தை 2014இன் சட்டத்தால் அளக்க முடியாது. 2019இல் திறக்கப்பட்ட நடைபாதையை அளக்க முடியும். அதன் வரைபடம் இறுதியாகுமுன் விற்பனைக் குழுவின் கருத்து பெறப்பட்டதா? விரிந்த நடைபாதையில் ஒரு பகுதியையேனும் விற்பனைக்கு ஒதுக்குவது பரிசீலிக்கப்பட்டதா? நடப்போருக்கும் விற்போருக்கும் இடையே மோதல் உள்ளது என்ற வாதம், குறுகிய நடைபாதைக்குப் பொருந்தலாம். அகலப்படுத்திய பின்னரும் விற்போருக்கு இடமில்லை என்றால் அது வடிவமைத்தவரின் தேர்வு.

சிக்காகோவிலிருந்து ஒரு பாடம்

வேறு வழியே இல்லை என்பாருக்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் சிக்காகோ நகரம் 2016இல் ஒரு நிதியத்தைத் தொடங்கியது. நகர மையத்தில் கூடுதல் உயரம் கட்ட விரும்பும் நிறுவனங்களிடம் கட்டணம் பெற்று, கறுப்பின, லத்தீன் மக்கள் பெரும்பான்மையாக வாழும் தெற்கு, மேற்குப் பகுதிகளின் கடைத்தெருக்களில் கடைகளைக் கட்டவும் புதுப்பிக்கவும் மானியம் தருகிறது. செழித்த பகுதியின் லாபம் புறக்கணிக்கப்பட்ட பகுதிக்குச் செல்கிறது. அதிலும் குறை இருந்தது: முதலில் செலவிட்டுப் பின்னர் ஈடு பெறும் முறை என்பதால், கையில் முதலில்லாதோர் தடுமாறினர். பின்தங்கியோர் பெயரில் நிதி ஒதுக்கினால் மட்டும் போதாது, அது அவர்கள் கைக்கு எட்டும் வழியும் வேண்டும் என்பதையும் சிக்காகோவே காட்டுகிறது.

நாம் கேட்கவேண்டியவை

முதலாவதாக, கடைத்தெருச் சீரமைப்பு எதற்கும் ஒப்பந்தப்புள்ளி கோருமுன் நகர விற்பனைக் குழுவின் தீர்மானம் வெளியிடப்படவேண்டும். இரண்டாவதாக, ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் நடத்தவேண்டிய வியாபாரிகள் கணக்கெடுப்பில் சமூகப் பிரிவு பதிவாகவேண்டும். எண்ணிக்கை இல்லாமல் குழுவில் ‘உரிய இடம்’ எவ்வளவு என்று யாரும் சொல்ல முடியாது. மூன்றாவதாக, சான்றிதழ் வழங்கும் அளவுகோல்களில் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் முன்னுரிமை சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. அந்த முன்னுரிமை நடைமுறைக்கு வரவேண்டும்.

கல்லூரி மாணவர்கள் இதைத் தங்கள் ஊரிலேயே தொடங்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விற்பனைக் குழுவின் உறுப்பினர் பட்டியலையும் கூட்டக் குறிப்புகளையும் கேளுங்கள். தள்ளுவண்டி பறிமுதலாகும் இடத்தில் பொருள்களின் பட்டியலைக் கேளுங்கள். அழுகும் பொருளை அன்றே திருப்பித் தரவேண்டும், மற்றவற்றை இரு வேலை நாள்களுக்குள். இந்த இரண்டு வரிகள் தெரியாததால் ஒரு வாரப் பிழைப்பை இழந்தவர்களுடன் அலுவலகப் படியேறிய அனுபவத்தில் சொல்கிறோம்.

சௌந்தரபாண்டியனார் அன்று பேருந்து உரிமத்துக்கு விதித்த நிபந்தனையை, இன்று அவர் பெயர் தாங்கிய தெரு போன்றவற்றுக்கான ஒப்பந்தங்களுக்கும் விதிக்கவேண்டும் என்பதே நம் கோரிக்கை.